டிரில் பீரியட்தானே?

நம் பள்ளிக்கூடங்களில் ஒரு வார்த்தை வெகு காலமாக வழங்கி வருகிறது. கணக்கு வாத்தியார் அதைச் சொல்வார். வகுப்பாசிரியை சொல்வார். தலைமையாசிரியரும் சொல்வார். பிள்ளைகளைப் பெற்ற நாமும் தலையை ஆட்டிக்கொண்டு சொல்வோம். "டிரில் பீரியட்தானே?" என்பதே அந்த வார்த்தை. அந்தத் 'தானே'யில் இருக்கிற அலட்சியத்தை என்னவென்று சொல்வது! "கணக்குப் பீரியட்தானே?" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எழாது. "தமிழ் வகுப்புத்தானே?" என்று ஒருவர் வாய் தவறிச் சொன்னால் மறுநாள் கண்டனக் கூட்டம் நடக்கும். டிரில் பீரியடுக்கு மட்டும் பரிந்து பேச ஆள் கிடையாது. பாடம் மீந்துவிட்டதா, அந்தப் பீரியடில் நடத்து. திருத்திய பரீட்சைத் தாளைக் கொடுக்கவேண்டுமா, அந்தப் பீரியடில் கொடு. பெரிய அதிகாரி வருகிறார், வாசலில் கோலம் போட்டுக் காகிதப் பூ ஒட்டவேண்டுமா, இருக்கவே இருக்கிறது அந்தப் பீரியட். கால அட்டவணையில் அது புறம்போக்கு நிலம். யார் வேண்டுமானாலும் வேலி போட்டுக்கொள்ளலாம், பட்டா கேட்பாரில்லை.

அந்தப் பீரியட் களவு போகிறது என்பது பழைய செய்தி. அதைப் பற்றி எழுதியவர்கள் எழுதியாயிற்று, மேடையில் பேசியவர்கள் பேசி மாலையும் வாங்கிக்கொண்டாயிற்று. எனக்கு இருக்கிற வழக்கு வேறு. களவு செய்கிறவர் அந்தக் கலையை எங்கே கற்றுக்கொள்கிறார் என்பதே என் கேள்வி. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில்தான் கற்றுக்கொள்கிறார் என்று சொல்கிறேன். இது பெரிய குற்றச்சாட்டுத்தான். தெரிந்தே சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தரும் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கிறது. பள்ளிக்கூடம் என்றால் என்னென்ன இருக்கவேண்டும் என்று அதில் போட்டிருக்கிறார்கள். மைதானம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுச் சாமான்கள் கொடுக்கவேண்டும். ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால் உடற்கல்விக்கு ஒரு பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும். எல்லாம் சரி. ஒன்று முதல் ஐந்து வரை? அங்கே வெறும் தலைக்கணக்குத்தான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர் என்று போகிறது. உடற்கல்விக்கு என்று ஓர் ஆள் அந்தப் பட்டியலில் கிடையாது. பந்து உண்டு, மைதானம் உண்டு, பந்தை எடுத்துப் போட மனிதர் இல்லை. நம் மாநிலத்தில் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்துக்குப் பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்களே, அவர்களும் ஆறாம் வகுப்புக்கு மேலேதான். வாரத்தில் மூன்று அரை நாள் வந்து போகிற அவர்களுடைய கஷ்டம் தனிக் கதை. அதை இன்னொரு சமயம் எழுதவேண்டும்.

ஆக, கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் அ, ஆ சொல்லித்தருகிற அதே ஆசிரியைதான் டிரில் டீச்சரும். அவர் விளையாடச் சொல்லித்தந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படியானால் அவர் அதை எங்கே, எப்படிக் கற்றார் என்பது முக்கியமா, இல்லையா?

தொடக்கக் கல்வி ஆசிரியராகப் போகிறவர்களுக்கு இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தில் உடற்கல்விக்கும் இடம் உண்டு. படிப்பின் ஒரு பகுதியாக அவர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். தாமே வகுப்பு எடுப்பதற்கு முன்னால், பழைய ஆசிரியர்கள் எடுக்கும் வகுப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பு எழுதவேண்டும். அதற்கு 'உற்றுநோக்கல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான சொல்! அந்தச் சொல்லை உண்டாக்கிய புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு போடலாம். அந்தச் சொல்லின்படி அங்கே ஏதாவது நடக்கிறதா என்று கேட்டால்தான் வம்பு.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். தகப்பனார் ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறவர். பெண் கெட்டிக்காரி, ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம். போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம், நீளமான நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, நீங்க கதை எழுதறவங்க. இந்தக் கட்டத்துல என்ன எழுதலாம்னு சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். உற்றுநோக்கல் பதிவேடு. தாளை நாலு விரற்கடைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்புப் போட்டிருந்தது. பாடத்தின் நோக்கம், ஆர்வமூட்டல், துணைக்கருவிகள், கரும்பலகைப் பயன்பாடு, மதிப்பீடு, நிறைகுறை. அவள் விரல் வைத்துக் காட்டியது கரும்பலகைப் பயன்பாடு என்ற கட்டத்தை.

"என்ன பாடம்?" என்று கேட்டேன்.

"உடற்கல்வி, மாமா. நாலாம் வகுப்பு."

"மைதானத்தில் கரும்பலகை ஏதம்மா?"

"இல்லைதான். எல்லாப் பாடத்துக்கும் ஒரே தாள்தான் அச்சடிச்சிருக்காங்க. காலியா விட்டா மார்க் குறைப்பாங்க. போன வருஷத்து அக்கா ஒருத்தி நோட்டுல 'நன்று'ன்னு போட்டிருக்கு."

இல்லாத கரும்பலகையை நன்றாகப் பயன்படுத்திய அந்த முகம் தெரியாத ஆசிரியரை மனத்துக்குள் வணங்கினேன். இருபது வருஷமாகப் பொய் எழுதியே பிழைக்கிறவன் நான். எனக்கே அவ்வளவு துணிவு வந்ததில்லை. மேலும் புரட்டினேன். 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.' 'ஆசிரியர் மாணவர்களை நல்ல முறையில் வழிநடத்தினார்.' 'உடல் நலத்தின் அவசியம் உணர்த்தப்பட்டது.' இதெல்லாம் அந்த அக்காவின் நோட்டிலிருந்து வந்த வாக்கியங்கள். அந்த அக்காவுக்கு அவளுக்கு முந்திய அக்கா கொடுத்தவை. வழிவழியாக வருகிற குடும்பச் சொத்தைப் போல இந்த மூன்று வாக்கியங்களும் எத்தனை கை மாறி வந்திருக்கின்றனவோ!

"அது கிடக்கட்டும். நீ பார்த்தது என்ன, அதைச் சொல்" என்றேன்.

அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

அது இரண்டு ஆசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்புமாக 38 பிள்ளைகளை ஒரே டீச்சர் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். வரிசையாக நிற்கவைத்து, 'அட்டென்ஷன்' சொல்லி, கையை மேலே தூக்கிக் கீழே இறக்கப் பத்துத் தடவை எண்ணினார். பிறகு, "போய் விளையாடுங்க, யாரும் கேட்டுக்கு வெளியில போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தார். நீங்கள் நினைக்கிறபடி பொழுதுபோக்குக்கு அல்ல. பள்ளிக்கூடத்துக் கணக்கெல்லாம் இப்போது அதில்தான் ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் மேலேயிருந்து கேள்வி வரும். "நல்ல டீச்சர் மாமா, அவங்களைக் குறை சொல்லக்கூடாது" என்றாள் அந்தப் பெண். நானும் சொல்லமாட்டேன்.

ஒரு பந்து. அதை ஐந்தாம் வகுப்புப் பெரிய பையன்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்காத மூன்று பேர் தாழ்வாரத்தில் நோட்டுடன் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். இரண்டு பேர் தண்ணீர் பிடித்து வைக்கப் போனார்கள். பெண் பிள்ளைகளில் நாலு பேர் மரத்தடியில் வேப்பம்பழம் பொறுக்கினார்கள்; மற்றவர்கள் சுவரோரம் நின்று பேசினார்கள். நாற்பது நிமிஷத்தில் அந்தப் பந்து எத்தனை பேர் கையில் பட்டது என்று இவள் எண்ணியிருக்கிறாள். ஒன்பது பேர். மிச்சம் 29 பிள்ளைகளுக்கு அது வெயிலில் நிற்கும் பாடம்.

எண்ணிப் பார்த்தாள் பாருங்கள், அதற்குப் பெயர்தான் உற்றுநோக்கல். அந்த எண்ணிக்கையை எழுதக் கட்டம் இல்லை.

இன்னொன்றும் சொன்னாள். நாலாம் வகுப்பில் குள்ளமாக ஒரு பையன். பந்து ஒருதரம் அவன் பக்கம் வந்தது. அவன் கையை நீட்டினான். ஆனால் பந்து தாண்டிப் போன பிறகு நீட்டினான். பெரிய பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். இவளுக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது. ஓடிப்போன பந்தை எடுத்துக்கொண்டு அவனைத் தனியே அழைத்துப் பத்தடி தூரத்திலிருந்து மெதுவாகப் போட்டாள். பிடிக்கவில்லை. நாலடிக்கு வந்து போட்டாள். பிடித்துவிட்டான். மறுபடி பத்தடி, மறுபடி தவறினான். பையனுக்குக் கையில் கோளாறு இல்லை; பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. குள்ளமாக இருப்பதால் வகுப்பில் அவனை முதல் வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். பலகையில் தெரியாததைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிக்கொள்வான். அவனைப் பற்றி டீச்சருடைய அபிப்பிராயம், 'மந்தம்'. வகுப்பறைக்குள்ளே எத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தாலும் அது வெளிப்பட்டிருக்காது. மைதானத்தில் ஒரு பந்து ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

2013 முதல் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு என்று ஒன்று வருகிறது, நல்ல திட்டம். வருஷத்துக்கு ஒரு நாள் வருவார்கள். அன்றைக்கு அந்தப் பையன் பாட்டி ஊருக்குப் போயிருந்தானாம். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற பரிசோதனை ஒன்று பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறதே! பார்க்கத் தெரிந்த ஒருவர் மைதானத்தில் நின்றால், பசியோடு வந்த பிள்ளை எது, மூச்சு வாங்குகிற பிள்ளை எது, காது மந்தமான பிள்ளை எது, அடி வாங்கி வளர்ந்து யார் கை ஓங்கினாலும் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை எது, யாரை யார் விளையாட்டில் சேர்ப்பதில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் யார் கையை யார் பிடிக்கமாட்டார்கள் என்பது சங்கிலி விளையாட்டில் தெரிகிற மாதிரி வேறு எங்கே தெரியும்? கதை எழுதுகிறவனுக்கு அந்த நாற்பது நிமிஷம் ஒரு நாவலுக்குப் போதும். ஆசிரியருக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

அந்தப் பெண் துணிந்து காரியம் செய்தாள். 'நிறைகுறை' என்ற கட்டத்தில் இடம் போதாமல் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் பையன் விஷயத்தை எழுதினாள். பந்து பட்ட ஒன்பது பேர் கணக்கையும் எழுதினாள். கரும்பலகைக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். நோட்டு, பயிற்சி நிறுவனத்தில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரிடம் போயிற்று. திரும்பி வந்தபோது ஓரத்தில் எழுதியதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'தேவையற்றது' என்று ஒரு வார்த்தை. 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'மீண்டும் எழுதுக' என்று உத்தரவு. அவள் மீண்டும் எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டியதில்லையே!

இதைத்தான் சொல்கிறேன். அந்தச் சிவப்புக் கோடுதான் பயிற்சி. இரண்டு வருஷப் படிப்பில் அவளுக்கு மனோதத்துவம் சொல்லிக் கொடுத்தார்கள், பாடம் புகட்டும் முறைகள் சொல்லிக் கொடுத்தார்கள். அவற்றையெல்லாம் அவள் மறந்தாலும் மறப்பாள். பார்த்ததை எழுதினால் மார்க் குறையும், பார்க்காததை எழுதினால் 'நன்று' கிடைக்கும் என்ற பாடத்தை மட்டும் மறக்கமாட்டாள். நாளைக்கு அவளே ஒரு பள்ளிக்கூடத்தில் வேப்பமரத்தடியில் உட்காருவாள். பின்னால் இன்னொரு பெண் நோட்டுடன் வந்து உட்காருவாள். 'ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று எழுதிக்கொண்டு போவாள்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். பாடம் முடியவில்லை என்பது தலையான சமாதானம். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. தொடக்கப் பள்ளிக்கு வருஷத்தில் 200 வேலை நாள், 800 மணி நேரப் போதனை என்று அதே சட்டம் சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு உடற்கல்விப் பீரியட், பீரியடுக்கு 40 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நாள் கொண்ட 40 வாரத்தில் சுமார் 53 மணி வரும். 800-இல் 53 போனால் 747 மிச்சம். இந்த 747 மணியில் தலையில் ஏறாத வாய்ப்பாட்டை அந்த 53 மணியையும் பறித்து ஏற்றிவிடுவோம் என்கிறவருக்குக் கணக்குத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

இடம் இல்லை என்பார்கள். பட்டணத்து நர்ஸரிப் பள்ளிக்காரர் இதைச் சொன்னால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மாடிக்கு மேல் மாடி கட்டிக் கட்டணம் வாங்கத் தெரிந்தவருக்கு மண் தரை வாங்க மனம் வரவில்லை. ஆனால் பாண்டி ஆட எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு சாக்குக் கட்டி, எட்டுக் கட்டம், ஓட்டுச் சில்லு ஒன்று. ஒற்றைக் காலில் நின்று தடுமாறாமல் குனிந்து சில்லை எடுக்கிற குழந்தை உடம்பைப் பற்றிக் கற்கவேண்டியதில் பாதியைக் கற்றுவிடுகிறது. கிளித்தட்டுக்குப் பந்தே வேண்டாம். தரையில் கோடுதான் வேண்டும். 38 பிள்ளைகளையும் நாலு தட்டாகப் பிரித்து ஆடவிட்டால் சுவரோரம் நிற்க ஒருவருக்கும் நேரம் இருக்காது. இதற்கெல்லாம் செலவு ஏது? ஆனால் 38 பேரை நாலாகப் பிரிப்பது எப்படி, வலுத்தவனையும் மெலிந்தவனையும் எப்படிக் கலப்பது, தோற்ற கட்சி அழாமல் பார்த்துக்கொள்வது எப்படி, ஆட்டத்திலிருந்து 'அவுட்' ஆனவன் மிச்ச நேரமெல்லாம் மூலையில் குந்தியிராமல் மறுபடி உள்ளே வர என்ன வழி என்பதெல்லாம் வித்தை. கணக்கு நடத்துவதற்குக் குறையாத வித்தை. அதைச் செய்கிற ஒருவரைப் பார்த்துத்தான் கற்கவேண்டும். அப்படி ஒரு வகுப்பைக்கூட அந்தப் பெண்ணுக்கு யாரும் காட்டவில்லை.

காட்டியதெல்லாம் அந்தப் பத்துத் தடவைக் கைதூக்கல்தான். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கப் போனபோது, இங்கிலாந்தில் வந்து நின்ற ஏழை வாலிபர்களில் பலர் சிப்பாய் வேலைக்கு லாயக்கில்லாதவர்களாக இருந்தார்கள். கவலைப்பட்ட சர்க்கார் 1902-இல் பட்டாளத்துக் கவாத்தை அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதிரிப் பாடமாக்கி அனுப்பியது. எட்டு வயதுக் குழந்தைக்குச் சிப்பாயின் பயிற்சி! அந்த ஊரிலேயே கண்டனம் எழுந்து, 1904-இல் அதை மாற்றி வேறு பாடத்திட்டம் கொண்டுவந்தார்கள். அவர்கள் இரண்டு வருஷத்தில் விட்டதை நாம் விடவில்லை. 'டிரில்' என்ற பெயரையும் விடவில்லை. நமக்கு வேறு வழி காட்ட ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் அவர்தான். விளையாட்டுச் சொல்லித்தருவது ஒரு படிப்பு, அதற்கு ஆசிரியரைத் தயாரிக்கவேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் ஒருவர் கல்லூரி கட்டிக் காட்டிவிட்டார். தொடக்கப் பள்ளி வாசல் வரை அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கவாத்துப் புத்தியின் மிச்சம் இன்னொன்று உண்டு. தாமதமாக வந்தாயா, மைதானத்தை இரண்டு சுற்று ஓடு. பேசினாயா, தோப்புக்கரணம் போடு. உடல் தண்டனை கூடாது என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் ஓடச் சொல்வது தண்டனையே அல்ல என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஆசிரியர் மறுநாள், "வீட்டுக் கணக்குப் போடாதவனுக்கு விளையாட்டுக் கிடையாது" என்பார். ஓடவிடுவதும் தண்டனை, ஓடவிடாததும் தண்டனை என்றால், பிள்ளை ஓட்டத்தைப் பற்றி என்னதான் நினைப்பான்?

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கிற நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பஞ்சம் இல்லை. சாயங்காலம் ஷட்டில் கோச்சிங், சனிக்கிழமை நீச்சல், கோடை விடுமுறையில் கிரிக்கெட் முகாம். கட்டணம் கட்டி, வெள்ளைச் சட்டை தைத்து, ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறோம். அதே பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே உடற்கல்விப் பீரியடை எடுத்துவிட்டால், "நல்ல ஸ்கூல், சிரத்தையாக நடத்துகிறார்கள்" என்று பக்கத்து வீட்டில் சிபாரிசு செய்கிறோம். நமக்கு நஷ்டம் இல்லை. பணம் கொடுத்து வெளியே வாங்கிக்கொள்கிறோம். ரைஸ்மில் கூலிக்காரர் பிள்ளை எங்கே வாங்கும்? அதற்குச் சாயங்காலம் தம்பியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் வேலை இருக்கிறது. பெண்ணாய் இருந்தால் தண்ணீர்க் குடம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, இன்னொருவர் ஏவல் இல்லாமல், அது விளையாடுவதற்கு இருந்த ஒரே நேரம் அந்த 40 நிமிஷம்.

ஐந்து வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரி 60 நிமிஷம் உடம்பு வேர்க்க இயங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு 420 நிமிஷம். நாம் தாளில் எழுதி வைப்பது 80. பறித்தது போகக் கிடைப்பது எவ்வளவு என்று அந்த வேப்பம்பழம் பொறுக்கிய பெண் குழந்தைகளைத்தான் கேட்கவேண்டும். 146 நாட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து அதே நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 2016-ஆம் வருஷத்து நிலவரப்படி, 11 முதல் 17 வயதுள்ள பெண்களில் 100-க்கு 85 பேரும் பையன்களில் 78 பேரும் போதிய அளவு இயங்குவதில்லை. பதினோரு வயதில் அந்தப் பெண் திடீரென்று சுவரோரம் போய் நிற்கவில்லை. நாலாம் வகுப்பிலேயே அங்கே நின்று பழகிவிட்டாள். நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கைப்பேசியுடன், ஒருவர் நோட்டுடன்.

நம் மாநிலத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிக் கவலையே இல்லை என்று நான் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். 1982-இல் மதியச் சோற்றை விரிவாக்கினோம். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் தொடங்கினோம். உலகம் பார்த்துக் கற்கவேண்டிய காரியங்கள். வயிற்றை நிரப்பிய பிறகு அந்த உடம்பை என்ன செய்வது என்று மட்டும் நமக்குத் தோன்றவில்லை. பெஞ்சில் உட்காரவைத்தோம்.

நான் கேட்பது கோடிக்கணக்கில் பணம் பிடிக்கிற காரியம் இல்லை. பயிற்சி நிறுவனங்களில் உடற்கல்விக்கு என்று தனியாக ஒரு உற்றுநோக்கல் தாள் அச்சடிக்கட்டும். கரும்பலகைக் கட்டத்தை எடுத்துவிட்டு, 'இன்று பந்தைத் தொடாத பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார், ஏன்?' என்று ஒரு கட்டம் வைக்கட்டும். அதற்குக் கீழே, 'இன்று புதிதாக ஒரு பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொண்டது என்ன?' என்று இன்னொன்று. வகுப்பு நடக்கவில்லை என்றால், 'நடக்கவில்லை' என்று எழுதுகிறவருக்கு முழு மார்க் போடவேண்டும். நல்ல உடற்கல்வி ஆசிரியர்கள் சில பள்ளிகளில் இருக்கிறார்கள். காலையில் ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்து சுண்ணாம்புக் கோடு போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மாணவ ஆசிரியரையும் ஒரு வாரமாவது அவர்களிடம் அனுப்பட்டும். மரத்தடியில் உட்கார்ந்து எழுத வேண்டாம். ஒரு பக்கம் கயிற்றைப் பிடிக்கட்டும். வகுப்பாசிரியையின் கைப்பேசியை அந்த 40 நிமிஷம் மட்டுமாவது மேலதிகாரிகள் ஓயவிடட்டும்.

இது நடக்கும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் அங்கே பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான் இருக்கவேண்டும் என்பது சட்டம். தனியார் பள்ளி என்றால் மாதம் ஒரு பெற்றோர் கூட்டம் வைக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, நிதானமாக ஒரு கேள்வி கேளுங்கள். "போன புதன்கிழமை உடற்கல்விப் பீரியடில் என் பிள்ளை என்ன விளையாடினான்?" என்று கேளுங்கள். பொதுவாக என்ன விளையாடுகிறார்கள் என்று கேட்டால் பெரிய பட்டியல் வரும். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். போன புதன்கிழமை, உங்கள் பிள்ளை. பதில் வருகிறவரை எழுந்திருக்கவேண்டாம்.